கூடைக்கும் ஒரு கதை உண்டு

மூணாறு டவுனில் இருந்து சுமார் 2 கிலோமீட்டர் தூரத்தில் நல்லதண்ணி எஸ்டேட் இருக்கிறது. அங்கே ஒரு டீ மியூசியம் உண்டு. டாடா டீ கம்பெனி 2005ஆம் ஆண்டு அதைத் திறந்தது. இப்போது கண்ணன் தேவன் மலைத்தோட்டக் கம்பெனி அதை நடத்துகிறது. வெளியூர்க்காரர்கள் பஸ்ஸிலும் காரிலும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். உள்ளூர்க்காரர்களில் பலர் அந்த வாசலைத் தினமும் கடந்து போகிறார்கள். ஆனால் உள்ளே போனதில்லை.

மியூசியம் என்பதைத் தமிழில் அருங்காட்சியகம் என்று சொல்கிறோம். அதற்கு மூன்று வேலைகள். பொருள்களைச் சேர்க்க வேண்டும். அவை கெடாமல் காக்க வேண்டும். வருகிறவர்களுக்கு அவற்றின் கதையைச் சொல்ல வேண்டும். முதல் வேலையை மட்டும் செய்தால் அது பழைய சாமான் கடை. மூன்றாவது வேலைதான் அதை மியூசியம் ஆக்குகிறது.

சென்னையில் 1851ஆம் ஆண்டிலேயே மியூசியம் வந்துவிட்டது. திருவனந்தபுரத்தில் இப்போது நாம் பார்க்கும் அழகான மியூசியக் கட்டடம் 1880இல் கட்டி முடிந்தது. அங்கெல்லாம் செப்புச் சிலைகள், தந்தச் சிற்பங்கள், பழைய நாணயங்கள் என்று இருக்கும். அதனால் மியூசியம் என்றால் ராஜா வீட்டுப் பொருள்கள் இருக்கும் இடம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஓர் ஊர் தன் கதையைத் தானே சொல்லவும் மியூசியம் வைக்கலாம்.

நல்லதண்ணியில் என்ன இருக்கிறது?

முதலில் நல்லதண்ணிக்குள் போய்ப் பார்ப்போம்.

அங்கே ஒரு சூரியக் கடிகாரம் இருக்கிறது. முள் கிடையாது, சாவி கிடையாது. வெயிலில் விழும் நிழலைப் பார்த்து மணி சொல்ல வேண்டும். 1913ஆம் ஆண்டு இதைச் செய்தது நாசரேத்தில் இருந்த கைத்தொழில் பள்ளி. நாசரேத் திருநெல்வேலிச் சீமை ஊர். நம் பாட்டன் பாட்டிகள் பலர் எந்தச் சீமையில் இருந்து மலையேறினார்களோ, இந்தக் கடிகாரமும் அங்கிருந்தே மலையேறியது.

1905ஆம் ஆண்டைச் சேர்ந்த தேயிலை உருட்டும் மெஷின் இருக்கிறது. கன்னிமலை எஸ்டேட்டில் 1920களில் கரண்ட் எடுக்கப் பயன்பட்ட ஒரு சக்கரம் இருக்கிறது. தண்ணீர் வேகமாக வந்து மோதினால் இந்தச் சக்கரம் சுற்றும். பழைய டெலிபோன், டைப்ரைட்டர், பங்களா மேசை நாற்காலிகள் எல்லாம் உண்டு. துரைமார் குளித்த மரத்தொட்டியும் இருக்கிறது.

இன்னொரு பொருளைப் பார்த்தால் வியப்பு வரும். அது ஒரு முதுமக்கள் தாழி. அந்தக் காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பானை அது. பெரியகானல் பக்கத்தில் கிடைத்தது. 2,000 ஆண்டுகளுக்கு மேல் பழையது. அப்படியானால் தேயிலை வருவதற்கு எவ்வளவோ முன்பே இந்த மலையில் மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். மறையூர்ப் பக்கம் முனியறை என்று சொல்லும் கல்லறைகளும் இதையே சொல்கின்றன. முதுவான் மக்கள் இந்தக் காடுகளில் பல தலைமுறையாக வாழ்கிறார்கள். மூணாறின் கதை துரைமார் வந்த நாளில் தொடங்கவில்லை.

துரைமார் வந்தது 1877இல். ஜான் டேனியல் மன்றோ என்பவர் பூஞ்ஞாறு ராஜாவிடம் இந்த மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். 1880இல் ஏ.எச். ஷார்ப் என்பவர் பார்வதி என்ற இடத்தில் முதலில் தேயிலை நட்டார். 1897இல் கண்ணன் தேவன் கம்பெனி வந்தது. பிறகு காடு போய் தேயிலை வந்தது.

நல்லதண்ணி மியூசியம் தேயிலையின் கதையை நன்றாகவே சொல்கிறது. மெஷினின் கதையும் கம்பெனியின் கதையும் அங்கே இருக்கின்றன. அது கம்பெனி வைத்த மியூசியம். கம்பெனி தன் கதையைச் சொல்வதில் தவறு இல்லை.

ஆனால் அந்த மரத்தொட்டியைப் பார்க்கும்போது ஒரு கேள்வி வருகிறது. அதில் தண்ணீர் தானாக நிறைந்திருக்குமா? யாரோ விறகு பிளந்தார்கள். யாரோ வெந்நீர் போட்டார்கள். யாரோ சுமந்து வந்து ஊற்றினார்கள். தொட்டி மியூசியத்துக்கு வந்துவிட்டது. வெந்நீர் சுமந்தவரின் பெயர் எங்கே?

பெயர் இருந்த கல்லறை, பெயர் இல்லாத மேடு

மூணாறில் சி.எஸ்.ஐ. கோயிலுக்கு மேலே உள்ள குன்றில் ஒரு கல்லறை இருக்கிறது. எலினார் இசபெல் மே என்ற வெள்ளைக்காரப் பெண்ணின் கல்லறை அது. கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் மலைக்கு வந்தவர். 1894ஆம் ஆண்டு காலராவில் இறந்துபோனார். பாவம், இளம் வயது. அவர் பெயர், அவர் இறந்த நாள், எல்லாம் இன்றும் தெரியும். 100 ஆண்டுகளுக்குப் பிறகும் அவருக்காக வருத்தப்படுகிறோம்.

அதே காலத்தில் காலராவிலும் காய்ச்சலிலும் குளிரிலும் இறந்த கூலியாட்கள் எத்தனை பேர்? காடு வெட்டும்போது இறந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களும் இதே மலையில்தான் புதைந்தார்கள். அந்த இடங்களில் கல் இல்லை, பெயர் இல்லை. அவர்களை அழைத்து வந்த கங்காணிக்குப் பெயர் தெரிந்திருக்கும். அவரும் போய்விட்டார்.

எழுத்து இருந்தால் பெயர் நிற்கும். மதுரைக்குப் பக்கத்தில் கீழடி என்ற ஊர் இருக்கிறது. அங்கே மண்ணைத் தோண்டியபோது 2,000 ஆண்டுகளுக்கு மேல் பழைய பானை ஓடுகள் கிடைத்தன. சில ஓடுகளில் தமிழ் எழுத்தில் ஆதன், குவிரன் என்று பெயர்கள் கீறியிருந்தன. அவர்கள் ராஜாக்கள் என்று யாரும் சொல்லவில்லை. பானையில் பெயர் எழுதி வைத்த மனிதர்கள், அவ்வளவுதான். இன்று நாம் அந்தப் பெயர்களைச் சொல்கிறோம். 2023இல் கீழடியில் பெரிய மியூசியம் திறந்தார்கள்.

வெள்ளம் கொண்டுபோன ரயில்

மூணாறில் ரயில் ஓடியது என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். உண்மையிலேயே ஓடியது. 1902இல் முதலில் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். 1908இல் அதை மாற்றி, 2 அடி அகலத்தில் இரட்டைத் தண்டவாளம் போட்டு, என்ஜின் வைத்து ஓட்டினார்கள். மூணாறில் இருந்து குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை அது போனது. ஸ்டேஷன் இருந்ததால்தான் அந்த இடத்துக்கே டாப் ஸ்டேஷன் என்று பெயர். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகளைக் கயிற்றுப் பாதையில் கீழே கொட்டகுடிக்கு இறக்கினார்கள். அங்கிருந்து வண்டியில் போடிநாயக்கனூருக்குக் கொண்டுபோனார்கள்.

1924ஆம் ஆண்டு ஜூலை மாதம் பெருமழை பிடித்தது. மலையாள ஆண்டு 1099. அதனால் இதைத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மலை சரிந்தது. ஊர் அழிந்தது. ரயில் பாதை அடித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு அந்த ரயில் ஓடவே இல்லை. ரயில் நிலையக் கட்டடம் பிற்பாடு கம்பெனி ஆபீஸ் ஆனது. ரயில் என்ஜினின் ஒரு சக்கரம் நல்லதண்ணி மியூசியத்தில் இருக்கிறது. அந்தச் சக்கரம் இல்லாவிட்டால் பிள்ளைகளிடம் எதைக் காட்டி நம்ப வைப்பது?

பள்ளிவாசலுக்கும் சொல்ல ஒரு பெரிய கதை இருக்கிறது. இன்று கேரளம் என்று சொல்லும் நிலத்தில் முதல் நீர்மின் திட்டம் பள்ளிவாசலில்தான் வந்தது. அப்போது திருவிதாங்கூர் ராஜ்யம். திவானாக இருந்தவர் சர் சி.பி. ராமசுவாமி அய்யர். 1940ஆம் ஆண்டு பள்ளிவாசல் கரண்ட் ஓடத் தொடங்கியது. முதிரப்புழை ஆற்றுத் தண்ணீரைத் தடுத்து, மலைக்குள் சுரங்கம் வெட்டிக் கொண்டுவந்து, பெரிய குழாய்கள் வழியாகச் சரிவில் இறக்குகிறார்கள். கீழே விழும் தண்ணீர் சக்கரத்தைச் சுற்றுகிறது. பிற்பாடு பெரிதாக்கி, 37.5 மெகாவாட் திறனுக்குக் கொண்டுவந்தார்கள்.

திவான் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. மூணாறு ஹெட்வொர்க்ஸ் அணைக்கும் அவர் பெயரே வைத்திருக்கிறார்கள். சுரங்கத்தில் பாறை உடைத்தவர், அந்தக் கனமான குழாயை மலையில் ஏற்றியவர், எந்த ஊர்க்காரர்? என்ன கூலி வாங்கினார்? எந்தப் பாட்டுப் பாடிக்கொண்டு குழாய் இழுத்தார்? பள்ளிவாசலில் வயதானவர்கள் வீட்டில் இதற்குப் பதில் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம்.

லயத்துக்குள் ஒரு மியூசியம்

இலங்கையில் இதே கேள்வி எழுந்தது. அங்கேயும் தமிழ்நாட்டில் இருந்து போனவர்கள்தான் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கினார்கள். கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானை என்ற இடத்தில் ஒரு பழைய தேயிலை ஃபேக்டரியை 2001இல் மியூசியம் ஆக்கினார்கள். பெரிய பெரிய மெஷின்கள் அங்கே இருக்கின்றன. நம் நல்லதண்ணியைப் போன்றது அது.

பிறகு 2007இல் இன்னொரு மியூசியம் வந்தது. கம்பளைக்குப் பக்கத்தில் ஓல்ட் பீகாக் என்ற தோட்டம். அங்கே இருந்த பழைய லயத்தையே மியூசியம் ஆக்கிவிட்டார்கள். கண்டியில் இருக்கும் சமூக அபிவிருத்தி நிறுவனம் அதைச் செய்தது. புதிய கட்டடம் கட்டவில்லை. வாசல் குனிந்து போகும் அந்தச் சின்ன அறைகளே காட்சி. தொழிலாளிகள் புழங்கிய பாத்திரம், வேலைக் கருவி, பழைய பத்திரங்கள் எல்லாம் சேர்த்து வைத்தார்கள்.

இந்த யோசனை மிகவும் நல்லது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஒரு குடும்பமே வாழ்ந்தது என்று சொன்னால் புரியாது. அந்த அறைக்குள் நின்றால் புரியும். அங்கே அறையே ஒரு பொருள்தான்.

நம் வீட்டில் என்ன இருக்கிறது?

சரி, பள்ளிவாசலிலோ பக்கத்து எஸ்டேட்டிலோ இப்படி ஒன்றைத் தொடங்க என்ன வேண்டும்? பெரிய பணம் முதலில் வேண்டாம். பஞ்சாயத்து லைப்ரரியில் ஓர் அலமாரி, பள்ளிக்கூடத்தில் ஓர் அறை, கிளப்பில் ஒரு மூலை போதும். குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் பேசி முடிவு செய்யலாம்.

பொருள்கள் வீட்டிலேயே இருக்கின்றன. கொழுந்துக் கூடை. இடுப்பில் கட்டும் படங்கு. மழைக்குத் தலையில் போடும் கொங்காணி. கவ்வாத்துக் கத்தி. கறுத்துப்போன கம்பளி. பழைய சம்பளச் சீட்டு. ரேஷன் கார்டு. பள்ளிக்கூட சர்ட்டிபிகேட். ஊரில் இருந்து தாத்தாவுக்கு வந்த கடிதம். கல்யாண போட்டோ. 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் மூணாறு ரோட்டில் பெண்கள் உட்கார்ந்து போனஸ் கேட்டார்களே, அந்தப் போராட்டத்தில் தூக்கிய அட்டை யார் வீட்டிலாவது இருந்தால் அதுவும்தான். பெம்பிளை ஒருமை என்று நாடு முழுவதும் பேப்பரில் வந்த போராட்டம் அது.

பொருள் கிடைத்தவுடன் ஒரு நோட்டில் பதிய வேண்டும். செக்ரோலில் பேர் போடுவது போலத்தான். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நம்பர். என்ன பொருள், யார் கொடுத்தது, எந்தத் தேதியில் வந்தது, திரும்பக் கேட்டால் கொடுக்க வேண்டுமா, இவ்வளவும் எழுத வேண்டும். கொடுத்தவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இதில் சோம்பல் படக் கூடாது. நாளைக்கு யாரும் சண்டைக்கு வரக் கூடாது அல்லவா?

பொருளுக்குப் பக்கத்தில் ஓர் அட்டை வைக்க வேண்டும். அதை எப்படி எழுதுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. “கொழுந்துக் கூடை” என்று மட்டும் எழுதினால் யாரும் நிற்க மாட்டார்கள். கூடை என்று பார்த்தாலே தெரிகிறதே! “மூங்கில் கூடை. இதைச் சுமந்தவர் இன்னார். இத்தனை வயதில் வேலைக்கு வந்தார். இந்த டிவிஷனில் இத்தனை வருஷம் கொழுந்து எடுத்தார். கயிறு அழுத்திய தழும்பு அவர் நெற்றியில் இன்றும் இருக்கிறது” என்று எழுதிப் பாருங்கள். படிக்கிறவர் கூடையைத் திரும்ப ஒருமுறை பார்ப்பார்.

அட்டையைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதுவது நல்லது. நம் பிள்ளைகளில் பலர் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். அவர்களும் பாட்டியின் கதையைப் படிக்க வேண்டும்.

நம் மலையில் பொருள்களுக்குப் பெரிய எதிரி ஈரம். ஜூன் மாதம் தொடங்கினால் துணி காயாது, தீப்பெட்டி பற்றாது. காகிதம் என்ன பாடுபடும்! கடிதம், சீட்டு, போட்டோ ஆகியவற்றைச் சுவரில் சாய்த்து வைக்கக் கூடாது. தரையில் வைக்கவே கூடாது. கிழிந்த காகிதத்தில் செல்லோடேப் ஒட்டக் கூடாது. ஒட்டினால் சில வருஷத்தில் மஞ்சள் கறை பிடித்து எழுத்தே போய்விடும். லாமினேஷனும் வேண்டாம். ஒருமுறை போட்டால் காகிதத்தைத் திரும்பப் பிரிக்க முடியாது. நம்பர் எழுதப் பென்சில் போதும். பேனா மை ஊறும். சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, தகரப் பெட்டியில் வைத்து, வெயில் அடிக்கும் நாளில் திறந்து பார்க்க வேண்டும். காகிதத்தையும் போட்டோவையும் நேர் வெயிலில் காயப்போடக் கூடாது, நிறம் போய்விடும். இரும்புக் கத்தியைத் துடைத்து லேசாக எண்ணெய் தடவலாம். ஆனால் சாணை பிடித்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். தேய்ந்த முனைதான் அதன் கதை.

சிலர் பொருளைக் கொடுக்க மனமில்லாமல் இருப்பார்கள். அம்மாவின் ஒரே போட்டோவை யார்தான் கொடுப்பார்கள்? வற்புறுத்த வேண்டாம். மொபைல் போனில் தெளிவாகப் படம் எடுத்துக்கொண்டு, அவர்கள் கையிலேயே கொடுத்துவிடலாம்.

ஏன் அவசரம்?

எஸ்டேட் வாழ்க்கையில் ஒரு வழக்கம் எல்லோருக்கும் தெரியும். ரிட்டயர் ஆனால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகளில் யாராவது தோட்டத்தில் வேலை பார்த்தால் அந்த வீட்டில் தங்கலாம். இல்லாவிட்டால் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு கீழே போக வேண்டியதுதான். நாற்பது வருஷம் வாழ்ந்த வீட்டில் இருந்து எதைக் கொண்டுபோவார்கள்? கட்டில், பீரோ, டி.வி. போகும். பழைய கூடையும் கம்பளியும் அடுப்புக்குப் போகும். சம்பளச் சீட்டு குப்பைக்குப் போகும். பாட்டியுடன் அவர் சொன்ன கதைகளும் போடிக்கோ தென்காசிக்கோ இறங்கிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு, ராஜமலைக்குப் பக்கத்தில் பெட்டிமுடியில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் போனார்கள். நான்கு பேரின் உடல் கிடைக்கவே இல்லை. ரேஷன் கார்டும் கல்யாண போட்டோவும் பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டும் மண்ணோடு போயின. மீட்பு வேலை பார்த்தவர்கள் தோண்டும்போது பொருள்களும் கிடைத்திருக்கும். ஒரு தட்டு, ஒரு புத்தகப் பை. உயிருக்கு முன்னால் அவை ஒன்றும் இல்லைதான். ஆனால் உயிரோடு மிஞ்சியவர்களுக்கு அந்தத் தட்டு சாதாரணத் தட்டு இல்லை. இறந்தவர்களை ராஜமலையில் ஒன்றாக அடக்கம் செய்தார்கள். 1924இல் போனவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. பெட்டிமுடியில் போனவர்களின் பெயர்கள் தெரியும். ஆனால் அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று சொல்லக்கூடியவர்கள் சொந்தக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் மட்டுமே.

அதனால் பொருளை விடப் பேச்சைத்தான் முதலில் சேர்க்க வேண்டும். பொருள் பத்து வருஷம் காத்திருக்கும். எண்பது வயதுக்காரர் காத்திருப்பாரா?

வயதானவர்களிடம் போய், “உங்கள் கதையைச் சொல்லுங்கள்” என்றால், “என்னத்தைச் சொல்ல, வந்தோம், உழைத்தோம்” என்று முடித்துவிடுவார்கள். சின்னச் சின்னதாகக் கேட்க வேண்டும். முதல் நாள் பெரட்டில் யார் பேர் கூப்பிட்டார்கள்? முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள்? அட்டை கடித்தால் என்ன தடவினீர்கள்? பிரசவம் எங்கே நடந்தது? லயத்தில் முதலில் கரண்ட் விளக்கு எரிந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? மாரியம்மன் திருவிழாவுக்கு யார் மேளம் அடித்தார்கள்? மலை ஏறி வந்த வழி எது? அப்போது கூட வந்தவர்கள் யார் யார்?

ஒருவர் கேட்கலாம், இன்னொருவர் எழுதலாம். போனில் பேச்சைப் பதிவு செய்யலாம். அதற்கு முன்னால் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும். எழுதி முடித்ததும் அவருக்கே உரக்கப் படித்துக்காட்ட வேண்டும். “இல்லை தாயி, அது என் தங்கச்சி, நான் இல்லை” என்று அவர் திருத்துவார். அதையும் திருத்தி எழுதிக்கொள்ள வேண்டும். கடைசியில் அவர் பெயர், ஊர், தேதி. கையெழுத்துப் போடத் தெரிந்தால் கையெழுத்து.